காற்றலைக்குக் கணக்கு எங்கே?

(கடலோரக் கிளைத் தோழர்களிடையே ஆற்றிய உரை)



மாமல்லபுரத்துப் பாறைமீது நிற்கும் பழைய கற்கோயிலை அறிவீர்கள். இன்றுள்ள கலங்கரை விளக்கம் எழும்புமுன் அக்கோயிலின் உச்சியிலேதான் விளக்கேற்றினர். அந்த விளக்கு பயன்பட்டதா என்பதை ஏற்றியவனைக் கேட்டு அறிய இயலாது. கடலிலே கட்டுமரம் செலுத்தியவனைக் கேட்டே அறிய இயலும். அவன் கண்ணுக்கு எட்டினால்தான் அது விளக்கு. எட்டாவிடில் வெறும் எண்ணெய்ச் செலவு!

இன்றைய வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் அந்த அளவுகோல் உண்டா?

கருவிகளுக்குப் பஞ்சமில்லை. தொலைக்காட்சி நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையிலே சுவர் முழுதும் திரைகள். ஒலி சில விநாடி நின்றால் எச்சரிக்கை மணி. படம் உறைந்தால் சிவப்பு விளக்கு. விண்கோளுக்கு ஏற்றிய காட்சியைத் திரும்ப இறக்கி, போனதும் வந்ததும் ஒன்றுதானா என ஒப்பிட்டும் பார்க்கின்றனர்.

அம்மட்டோ? எந்த நிகழ்ச்சி விதி மீறுகிறது எனக் காண, 2008இல் டில்லியிலே மின்னணு ஊடகக் கண்காணிப்பு மையத்தை அமைத்தது மத்திய அரசு. 2015 முதல் 'பார்க்' என்னும் அமைப்பு தரப்புள்ளி வெளியிடுகிறது. நிகழ்ச்சியின் ஒலிக்குள்ளே காதுக்குப் புலனாகாத குறியொன்றைப் பொதிகிறார்கள். தேர்ந்தெடுத்த வீடுகளில் உள்ள மீட்டர் அதைக் கண்டுகொண்டு, எந்த நிமிடம் எந்த அலைவரிசை ஓடிற்று எனக் கணக்கெழுதுகிறது. அந்தக் கணக்கைப் பார்த்தே விளம்பரப் பணம் பாய்கிறது.

அரசு கண்காணிக்கிறது, என்ன பேசுகிறார்கள் என்று. வணிகர் கண்காணிக்கிறார், சோப்பு விளம்பரம் எத்தனை வீட்டை எட்டிற்று என்று. புயல் எச்சரிக்கை எத்தனை குப்பத்தை எட்டிற்று என்று எழுதும் மீட்டர் எங்கே, தோழர்களே?

2004 டிசம்பர் 26ஐ நம் கரை மறக்குமா? காலை ஆறரை மணி அளவில் சுமத்ரா அருகே கடலடி நிலம் அதிர்ந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்தே அலை இங்கு வந்தது. கல்பாக்கத்திலும் குப்பங்களிலும் உயிர்கள் மாண்டன. இரண்டு மணி நேரம் இருந்தது, சொல்வாரில்லை!

அதே நாள், புதுவையை அடுத்த நல்லவாடு தப்பியது. எப்படி? சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் செய்தி அறிந்து தொலைபேசியில் கூறினார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கி அதை முழங்கிற்று. மக்கள் மேட்டுக்கு விரைந்தனர். விண்கோளை விட வலிமை பெற்றது ஊர்க்கோடியில் நின்ற ஒலிபெருக்கி!

பின்னர் முன்னேற்றம் வந்தது, மறுப்பதற்கில்லை. 2007இல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் எழுந்தது. 2012 அக்டோபரில் நீலம் புயலும், 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலும் மாமல்லபுரத்தருகே கரை கடந்தபோது முன்னறிவிப்பு வந்தது. 2023இல் சோதனைக்காகக் கைப்பேசிகள் ஒருங்கே அலறவும் கேட்டோம்.

ஆயினும், கரை மறையும் தொலைவிலே கைப்பேசி ஊமையாகிறது. பண்பலை ஏறத்தாழ நேர்கோட்டிலே செல்வது. அடிவானத்தை ஒட்டி அடங்கிவிடும். மத்திய அலையோ நிலத்தைவிட உப்பு நீரின்மீது நெடுந்தூரம் ஓடும். மீனவனின் உற்ற துணை அது. அந்த ஒலிபரப்பிகளைத்தான் பழையவை என்று பல ஊர்களில் நிறுத்திவிட்டனர்! நிறுத்துமுன், கடலிலே கேட்பவன் எத்தனை பேர் என்று அளந்தவர் யார்?

காற்றலைகள் பொதுமக்களின் சொத்து என்று 1995இல் உச்சநீதிமன்றமே தீர்ப்பளித்தது. சொத்துக்கு உரியவன் கணக்குக் கேட்பது குற்றமா?

ஆகவே, ஒரு வேலை சொல்கிறேன். கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை, அதற்கப்பாலும், குப்பத்துக்கு ஓர் ஏடு வையுங்கள். அடுத்த எச்சரிக்கை எத்தனை மணிக்கு வெளியிடப்பட்டது, உங்கள் குப்பத்துக்கு எத்தனை மணிக்கு எட்டியது, எதன் வழியே எட்டியது, கடலில் இருந்தவர் கேட்டாரா — இந்த நான்கையும் எழுதுங்கள். அந்த ஏடுகளைச் செங்கற்பட்டில் ஆட்சியர் முன் அடுக்குவோம்.

விளக்கு எரிகிறது என்று அவர்கள் சொல்லட்டும். வெளிச்சம் வந்ததா என்பதை நாம் சொல்வோம்!