அடிபட்டவருக்குப் பதிலா யாரு இறங்கணும்?

இன்னிக்கு எபிசோட் கிரிக்கெட்டுல ஆரம்பிச்சு, நம்மில் பலர் பார்த்தே இருக்காத ஒரு விளையாட்டுக்குப் போகப்போகுது. கொஞ்சம் பொறுமையா கூட வாங்க.

2020 டிசம்பர், கான்பெரா. இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் முதல் டி20. கடைசி ஓவர்ல மிட்செல் ஸ்டார்க் போட்ட பந்து ஜடேஜாவோட ஹெல்மெட்டுல பட்டுச்சு. இன்னிங்ஸ் முடிஞ்சப்போ அவர் 44 நாட் அவுட். அடுத்த பாதியில அவருக்குப் பதிலா கன்கஷன் சப்ஸ்டிட்யூட்டா சஹால் வந்தாரு, 25 ரன் கொடுத்து 3 விக்கெட் எடுத்தாரு, மேன் ஆஃப் தி மேட்ச்சும் வாங்கிட்டாரு. இந்தியா 11 ரன்ல ஜெயிச்சது. ஆஸ்திரேலிய கோச் ஜஸ்டின் லாங்கர் மேட்ச் ரெஃப்ரிகிட்ட கோபமா பேசிட்டு இருந்தது சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். பந்து தலையில பட்டது உண்மை. அதனால இந்தியாவுக்கு லாபம் கிடைச்சதும் உண்மை. ரெண்டும் ஒண்ணா வரும்போது எது நியாயம்?

சுமார் மூணு மாசம் கழிச்சு, 2021 மார்ச்சுல, அதே ஆஸ்திரேலியாவுல இன்னொரு விளையாட்டு இதே கேள்வியில மாட்டிக்கிச்சு. அதுதான் ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால். அங்க எல்லாரும் ஃபூட்டின்னுதான் சொல்லுவாங்க. அதோட பெரிய லீக் பேரு ஏஎஃப்எல்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. முட்டை வடிவ பந்து, பல நேரம் கிரிக்கெட் மைதானம்தான் களம். ஒரு டீமுக்கு களத்துல 18 பேர். நாலு குவார்ட்டர், ஒவ்வொண்ணும் 20 நிமிஷம், அதுக்கு மேல நின்ன நேரத்தையும் சேர்ப்பாங்க. மிட்ஃபீல்டுல ஆடறவங்க ஒரு மேட்ச்சுக்கு 12, 13 கிலோமீட்டர் ஓடறது சர்வ சாதாரணம். ஹெல்மெட் கட்டாயம் கிடையாது. அதனால மூச்சு வாங்க உள்ளே வெளியே மாறிக்கிட்டே இருப்பாங்க. அந்த மாத்து ஆளுங்க உட்கார்ற இடத்துக்குப் பேரு இன்டர்சேஞ்ச் பெஞ்ச். ரொம்ப வருஷமா அதுல நாலு பேர்.

இப்ப பிரச்சினையைப் பாருங்க. 22 பேர் 18 இடத்தைப் பங்கு போட்டுக்கறாங்க. சராசரியா ஒரு ஆள் மேட்ச்ல 82 சதவீதம் நேரம் களத்துல இருப்பாரு. முதல் பத்து நிமிஷத்துல ஒருத்தருக்கு முட்டி போச்சுன்னா மிச்சம் 21 பேர். பங்கு 86 சதவீதம் ஆயிடும். ரெண்டு பேர் போனா 90. எதிர் டீம் இன்னும் 82-லதான் ஓடிட்டு இருக்கும். கடைசி குவார்ட்டர்ல கால் யாருக்கு முதல்ல கனக்கும்னு சொல்ல வேண்டியதில்லை.

இது இன்னிக்கு நேத்து வந்த தலைவலி இல்ல. 1930 வரைக்கும் மாத்து ஆளே கிடையாது, அடிபட்டா அவ்ளோதான். 1930-ல 19-ஆவது ஆள் வந்தாரு, 1946-ல 20-ஆவது. ஆனா வெளியே போனவர் திரும்பி வர முடியாது. 1978-லதான் போயிட்டு வரலாம்ங்கற இன்டர்சேஞ்ச் வந்துச்சு. 1998-ல பெஞ்ச் நாலு பேர் ஆச்சு. அதுக்கப்புறம் கோச்சுங்க அதை நல்லா பயன்படுத்தக் கத்துக்கிட்டாங்க. 2010 வாக்குல ஒரு டீம் ஒரு மேட்ச்ல 100 தடவைக்கு மேல ஆள் மாத்துச்சு. அப்படி ஆடும்போது ஒரு ஆள் குறைஞ்சா இழப்பு இன்னும் பெருசு.

2011-ல முதல் தீர்வு. பெஞ்ச்ல மூணு பேர், கூட ஒரு சப்ஸ்டிட்யூட். சப் பச்சை வெஸ்ட் போட்டு உட்கார்ந்திருப்பாரு. அவர் இறங்கினா வெளியே போறவர் சிவப்பு வெஸ்ட். காயம்தான் வேணும்னு இல்ல, எதுக்கு வேணா மாத்தலாம். நல்லாதானே இருக்குன்னு தோணும். ஆனா உன் ஆளுக்கு முதல் குவார்ட்டர்லயே அடிபட்டா உன் சப் அப்பவே செலவாயிடும். எதிர் டீம் தன் சப்பை மூணாவது குவார்ட்டர் வரைக்கும் பத்திரமா வெச்சிருந்து, எல்லாரும் களைச்ச நேரத்துல ஃப்ரெஷ்ஷா ஒருத்தரை இறக்கும். ஆள் கணக்கு சமம்தான், கால்ல இருக்கிற தெம்பு சமமில்ல. 2015 சீசனோட அதை மூட்டை கட்டிட்டாங்க. மறுபடி பெஞ்ச்ல நாலு பேர், ஆனா மாத்தறதுக்கு ஒரு உச்சவரம்பு. அது பிறகு 75-க்கு இறங்குச்சு.

அடுத்தது 2021. தலையில அடிபட்டவங்களுக்கு மட்டும் மாத்து ஆள்னுதான் பேச்சு ஆரம்பிச்சது. சீசன் தொடங்கறதுக்கு முந்தின நாள்தான் எந்தக் காயத்துக்கும் மெடிக்கல் சப்னு முடிவாச்சு. ஒரே நிபந்தனை, அடுத்த 12 நாளைக்கு இவரால ஆட முடியாதுன்னு டீம் டாக்டர் சொல்லணும்.

டீம் டாக்டர். அதாவது அந்த டீம் சம்பளம் கொடுக்கற டாக்டர்.

நம்ம ஊர்ல ஆபீஸ் லீவுக்கு மெடிக்கல் சர்டிஃபிகேட் எப்படி வாங்கறோம்னு உங்களுக்கே தெரியும். டாக்டர் பொய் சொல்றாருன்னு யாரும் நினைக்கறதில்ல. காய்ச்சல் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அவரும் ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுத்துடுவாரு. தசைப்பிடிப்பும் அப்படித்தான். 12 நாள்ல சரியாகுமா, எட்டு நாள்ல சரியாகுமான்னு மைதான ஓரத்துல ரெண்டு நிமிஷத்துல யாரால உறுதியா சொல்ல முடியும்? கடைசி குவார்ட்டர்ல ஸ்கோர் நெருக்கமா இருக்கு, பக்கத்துல கோச் நிக்கறாரு. சப்பா வெளியே போன சிலர் அடுத்த மேட்ச்லயே வந்து ஆடினப்போ கேள்வி வராம இருக்குமா? வந்துச்சு.

நான் கோட் எழுதறவன். சிஸ்டம்ல ஒரு கண்டிஷன் போட்டு, அதைத் தாண்டினா பரிசுன்னு வெச்சா, யூசர் அந்தக் கண்டிஷனை நோக்கித்தான் ஓடுவாங்க. அவங்களைக் கெட்டவங்கன்னு சொல்லிப் பிரயோஜனம் இல்ல. இங்க கண்டிஷன் காயம், பரிசு ஒரு புது ஆள். தப்பு டிசைன்ல.

ஏஎஃப்எல்லுக்கும் அது புரிஞ்சிருக்கணும். 2023-ல மருத்துவ நிபந்தனையைத் தூக்கிட்டு, எதுக்கு வேணா சப்பை இறக்கலாம்னு சொல்லிட்டாங்க. அதாவது சுத்தி வந்து 2011-ல நின்னாங்க. அதே பழைய ஓட்டையும் திரும்பி வந்துச்சு. கூடவே புதுசா ஒரு உபயோகமும் வந்துச்சு. 2025 கிராண்ட் ஃபைனல்ல பிரிஸ்பேன் யாரை சப்பா வெச்சாங்க தெரியுமா? லாக்கி நீல். ரெண்டு தடவை பிரவுன்லோ மெடல், அதாவது சீசனோட சிறந்த வீரர் விருது வாங்கினவர். கெண்டைக்கால் காயத்துல இருந்து மீண்டு வந்துட்டு இருந்தாரு. முழு மேட்ச் தாங்கறது சந்தேகம், ஆனா பாதி தாங்கும். நடுவுல இறங்கினாரு, பிரிஸ்பேன் 47 பாயிண்ட்ல ஜீலாங்கை ஜெயிச்சது. விதியை யாரும் மீறல. அடிபட்டவருக்குப் பதிலா ஒருத்தர்ங்கற விதி, அடிபட்டவரையே ஆட வைக்கற விதியா மாறிடுச்சு, அவ்ளோதான்.

சப்பா உட்கார்றவர் பக்கமும் ஒண்ணு இருக்கு. 2021 கிராண்ட் ஃபைனல்ல மெல்போர்னோட மெடிக்கல் சப் ஜேம்ஸ் ஜோர்டன். ஒரு நிமிஷம்கூட இறங்கல, ஆனா சாம்பியன் மெடல் கிடைச்சது. அவர் கதை பரவாயில்ல. வாராவாரம் வெஸ்ட் போட்டு உட்கார்ந்த மத்த இளம் வீரர்களுக்கு மெடலும் இல்ல, கீழ் லீக்ல ஆடிக் கிடைச்சிருக்க வேண்டிய மேட்ச் பிராக்டீஸும் இல்ல.

இப்ப 2026-ல இருந்து சப்பே கிடையாது. பெஞ்ச்ல அஞ்சு பேர், மாத்து உச்சவரம்பு அதே 75. நம்ம கணக்கைத் திரும்பப் போடுவோம். 23 பேர்னா பங்கு 78 சதவீதம். ஒருத்தர் போனா 82. வித்தியாசம் இன்னும் கிட்டத்தட்ட நாலுதான். அப்ப அநியாயம் போகலையேன்னு கேப்பீங்க. ஆமா, முழுசா போகல. ஆனா ரெண்டு விஷயம் மாறுது. எதிர் டீம்கிட்ட ஒரு ஆள் அதிகமா இருந்தாலும் 75 தடவைக்கு மேல மாத்த முடியாது, அதனால அந்த லாபத்துக்கு ஒரு எல்லை இருக்கு. அதைவிட முக்கியம், இப்ப காயத்தால யாருக்கும் எதுவும் கிடைக்காது. டாக்டர் எந்தப் பேப்பர்லயும் கையெழுத்துப் போட வேண்டாம்.

இது ஏன் முக்கியம்னு ஒரு சம்பவத்தோட முடிக்கறேன். 2023 செப்டம்பர், மெல்போர்ன் கிரிக்கெட் மைதானம், காலிங்வுட்டுக்கும் மெல்போர்னுக்கும் ஃபைனல்ஸ் மேட்ச். முதல் குவார்ட்டர்ல பந்தைத் தடுக்கக் குதிச்ச பிரேடன் மேனார்ட் மோதினதுல ஆங்கஸ் பிரேஷா நினைவில்லாம விழுந்துட்டாரு. மெல்போர்ன் 7 பாயிண்ட்ல தோத்தது. அடுத்த பிப்ரவரியில, மூளை ஸ்கேன்ல மாற்றம் தெரிஞ்சதால, பிரேஷா 28 வயசுல ரிட்டயர் ஆயிட்டாரு. நம்ம ஆபீஸ்ல பாதி பேரோட வயசு.

நினைவு தப்பினவரை யாரும் திரும்ப இறக்க மாட்டாங்க. எனக்குப் பயம் அந்த நடுவுல இருக்கறவங்களைப் பத்தி. லேசா தலை சுத்துது, கண்ணு கொஞ்சம் மங்குது, நான் வெளியே போனா டீமுக்கு ஒரு ஆள் குறையும்னு நினைச்சு ‘ஒண்ணுமில்ல, ஓகே’ன்னு சொல்ற பையன். இதனாலதான், மத்த எல்லாக் காயத்துக்கும் அஞ்சு பேர் பெஞ்ச் போதும், ஆனா தலைக் காயத்துக்கு மட்டும் தனியா ஒரு மாத்து ஆள் இருக்கணும்னு நான் நினைக்கறேன். அதை முடிவு பண்றது எந்த டீம்கிட்டயும் சம்பளம் வாங்காத டாக்டரா இருக்கணும். கான்பெராவுல நடந்த மாதிரி அதுலயும் எப்பவாவது ஒரு டீமுக்கு அதிர்ஷ்டம் அடிக்கும். அடிச்சுட்டுப் போகட்டும். ஒரு மேட்ச்ல கொஞ்சம் அநியாயம் நடந்தா அடுத்த சீசன்ல ஈடு கட்டிக்கலாம், மூளைக்கு அடுத்த சீசன் கிடையாது.

நீங்க என்ன நினைக்கறீங்க? சஹால் இறங்கினது சரியா, தப்பா? வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசுவோம். தலையைப் பத்திரமா பாத்துக்கங்க. வரேன்.