'வெட்டி' என்று யாரைச் சொல்கிறோம்?

விடுமுறை நாளில் யாரையாவது பார்த்து, "என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, வெட்டியாத்தான் இருக்கேன்" என்ற பதில் வரும். சாப்பாட்டுக்குப் பின் கைபேசியோடு சாய்ந்திருப்பவரும், டீக்கடை பெஞ்சில் அரட்டை அடிப்பவரும் சிரித்துக்கொண்டே சொல்லும் சொல் இது. வேலை கிடைக்காத இளைஞருக்கு 'வெட்டி ஆபீசர்' என்று பட்டமே சூட்டிவிடுகிறோம். வெட்டிப் பேச்சு, வெட்டிச் செலவு என்று, பயனற்றவை எல்லாமே நமக்கு 'வெட்டி'தான்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? கத்தியால் வெட்டுவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்ற சொல் அடிக்கடி வருகிறது. அங்கே அதற்குச் சோம்பல் என்று பொருள் இல்லை. கூலி பெறாமல் கட்டாயமாகச் செய்துகொடுக்க வேண்டிய உழைப்புக்கே அந்தப் பெயர். வடமொழியில் இதை 'விஷ்டி' என்பார்கள். வரி செலுத்துவதுபோல, மக்கள் தங்கள் உடல் உழைப்பையும் செலுத்த வேண்டியிருந்தது. ஊருக்கு ஊழியம் செய்தவரை 'வெட்டியான்' என்று அழைத்ததும் இதே சொல்லை ஒட்டித்தான்.

வியர்வை சிந்துவதைக் குறித்த சொல், வியர்க்காமல் இருப்பதைக் குறிக்கும் சொல்லாக எப்படி மாறியது? கூலி இல்லாத வேலை, செய்பவருக்குப் பயன் தராத வேலை. பயன் தராதது வீண். ஆகவே 'வெட்டி' என்றால் வீண் என்றாயிற்று; பிறகு, வீணே பொழுது போக்குவதற்கும் அதுவே பெயராயிற்று. உழைத்தவர் மறக்கப்பட்டார், பழிச்சொல் மட்டும் மிஞ்சியது.

அந்தப் பழைய 'வெட்டி' இன்று ஒழிந்துவிட்டதா? கூலியில்லாக் கட்டாய உழைப்பை நமது அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு தடை செய்கிறது. கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-இல் தனிச்சட்டமும் வந்தது. ஆனால் நம் வீடுகளுக்குள் சற்றே எட்டிப் பார்ப்போம். "உங்கள் மனைவி வேலைக்குப் போகிறாரா?" என்று கேட்டால், "இல்லை, வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்" என்று எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறோம்! 2019-ஆம் ஆண்டு இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுவேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டார்கள். அவ்வேலைகளில் ஈடுபடும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிடங்கள். ஞாயிறு மதியம் நாம் புதிய பொருளில் வெட்டியாகச் சாய்ந்திருக்கும்போது, அடுப்படியில் நம் தாயோ மனைவியோ பழைய பொருளில் வெட்டி செய்துகொண்டிருக்கிறார்.

நேயர்களே, ஓய்வு தவறல்ல. அது இறைவனின் கொடை. இணைச்சட்ட நூல் ஐந்தாம் பிரிவில் ஓய்வுநாள் கட்டளைக்குச் சொல்லப்படும் காரணத்தைக் கவனிப்போம். எகிப்தில் கூலியின்றிச் செங்கல் அறுத்த மக்களிடம், நீங்களும் அடிமைகளாய் இருந்தீர்கள் என்பதை மறவாதீர்கள் என்கிறார் ஆண்டவர். ஆகவே வீட்டுத் தலைவர் மட்டுமல்ல, அவருடைய பணியாளர்களும், மாடும் கழுதையும்கூட ஓய்வெடுக்க வேண்டும் என்கிறார். ஒருவர் முதுகில் சுமையை ஏற்றிவிட்டு மற்றவர் சாய்ந்துகொள்வது ஆண்டவர் தந்த ஓய்வு அல்ல.

மத்தேயு நற்செய்தி இருபதாம் பிரிவில் வரும் திராட்சைத் தோட்ட உவமையும் நாம் அறிந்ததே. மாலை ஐந்து மணிவரை சந்தைவெளியில் நின்றவர்களை நாமாக இருந்தால் 'வெட்டிப் பசங்க' என்றிருப்போம். நிலக்கிழாரோ, ஏன் நாள் முழுவதும் இங்கே நிற்கிறீர்கள் என்று அவர்களிடமே கேட்கிறார். எங்களை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை என்று பதில் வருகிறது. அவர்கள் சோம்பேறிகள் அல்ல, அழைக்கப்படாதவர்கள். அவர்களுக்கும் அவர் வேலை தருகிறார். முழுநாள் கூலியும் தருகிறார்.

அந்த நிலக்கிழாரைப்போல, தீர்ப்பிடும் முன் கேட்கப் பழகுவோம். படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளையை 'வெட்டி' என்று அழைப்பதை இன்றே நிறுத்துவோம். வரும் ஞாயிறன்று திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும், ஒருவேளைச் சமையலையும் பாத்திரம் கழுவுவதையும் மற்றவர்கள் பகிர்ந்துகொள்வோம். நமக்காக உழைப்பவரின் கூலியைத் தாமதமின்றிக் கொடுப்போம். அவர்களும் நம்மோடு அமர்ந்து இளைப்பாறும் நாளே உண்மையான ஓய்வுநாள். அந்த ஓய்வை நம் இல்லங்களில் காண இறையருளை வேண்டுவோம்.