படிவத்தில் எழுதியதும் இருப்பதும்



பரீட்சை விண்ணப்பங்கள் பல இன்று கணினித் திரையிலேயே நிரப்பப்படுகின்றன. அப்படிவத்தின் ஒவ்வொரு கட்டத்திற்கும் சில பண்புகள் உண்டு. இத்தனை எழுத்துக்களே இடலாம் என்பது ஒன்று; இதனை மாற்றலாகாது என்பது மற்றொன்று; முதலில் தோன்றவேண்டிய சொல் யாது என்பது பிறிதொன்று. இவற்றை வாசிக்கவும் மாற்றவும் வல்லது ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழி. 1995ஆம் ஆண்டிலே நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெண்டன் ஐக் என்பவர் அதனை ஆக்கினார். பண்பை வாசிக்கும் ‘கெட்அட்ரிபியூட்’, மாற்றும் ‘செட்அட்ரிபியூட்’, நீக்கும் ‘ரிமூவ்அட்ரிபியூட்’ ஆகிய கட்டளைகள் 1998ஆம் ஆண்டில் வெளியான பொது விதிகளில் இடம்பெற்றன.

கட்டளைகள் எளியன, ஆயினும் அவற்றிலே ஒரு நுட்பம் உண்டு. ஒரு மாணவியின் பெயர் கட்டத்தில் முன்னரே பிழையாக இடப்பட்டிருக்கின்றது எனக் கொள்க. அவள் அதனைத் திருத்துகின்றாள். திரையிலே சரியான பெயர் தோன்றுகின்றது. எனினும், நிரல் எழுதியவர் ‘வேல்யூ’ என்னும் பண்பைக் கெட்அட்ரிபியூட் கொண்டு வாசித்து அனுப்புவாராயின், போய்ச் சேர்வது பழைய பிழையே. ஏனெனில், அப்பண்பு தொடக்கத்தில் எழுதி வைத்த பெயரையே கூறும். மாணவி இட்ட பெயரை அறிய, அக்கட்டத்தின் நடப்பு நிலையைக் கூறும் ‘வேல்யூ’வை நேரே வாசித்தல் வேண்டும். சொல் ஒன்றாயினும் பொருள் இரண்டு.

‘டிஸேபிள்ட்’ என்னும் பண்பு கட்டத்தை முடக்குவது. அதற்குப் ‘பொய்’ என்ற மதிப்பைக் கொடுத்தாலும் முடக்கம் நீங்காது. பண்பு இருப்பதே முடக்கமாதலின், அதனை அகற்றிவிடல் வேண்டும். முடங்கிய கட்டத்தில் உள்ளது படிவத்தோடு அனுப்பப்படுவதுமில்லை. ‘ரீட்ஒன்லி’ என்னும் பண்புடைய கட்டத்திலே பயனர் எழுத முடியாதாயினும், அதில் உள்ளது அனுப்பப்படும்.

இன்னுமொன்று கருதத்தக்கது. இப்பண்புகள் யாவும் பயனரின் கணினியிலேயே செயற்படுவன. சிறிது பயிற்சியுடைய எவரும் அவற்றை மாற்றிவிடலாம். பூட்டிய கட்டத்தைத் திறந்து, புள்ளியையோ கட்டணத்தையோ மாற்றி அனுப்புவோரும் இருக்கக்கூடும். ஆகவே, வந்து சேரும் ஒவ்வொரு விபரத்தையும் பெறுகின்ற கணினி மீண்டும் சரிபார்த்தல் இன்றியமையாதது.

திருத்திய பெயர் சான்றிதழில் திருத்தமாகவே வரவேண்டும் என்பது மாணவியின் நியாயமான எதிர்பார்ப்பு. எழுதி வைத்தது எது, இப்போது இருப்பது எது என்று பகுத்தறிந்து நிரல் எழுதுபவரே அதனை நிறைவேற்ற வல்லவர்.