அங்கதக் கலைஞர் மணிவண்ணன்



பத்தாண்டு நிறைவு காணும் இவ்விலக்கிய மன்றத்தில் திரைப்பட இயக்குநர் ஒருவரைப் பற்றிப் பேச முன்வந்ததற்குக் காரணம் உண்டு. அங்கதம் கவிதைக்கே உரியது என்று எண்ணிப் பழகிவிட்டோம். கொங்கு மண்ணின் அங்கதமோ நம் காலத்தில் வெள்ளித்திரையிலும் வலிமையாக வெளிப்பட்டது. அதற்கு வடிவம் தந்தவர், சூலூரில் பிறந்த மணிவண்ணன்.

அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இருவகைப்படுத்துவர். நேரே இடித்துரைப்பது முன்னது. பழியை மறைத்துக் கூறுவது பின்னது. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவனுடைய படைக்கலங்களின் அழகைப் புகழ்வதுபோலப் பேசி, அவை போர் காணாதவை என்பதை உணர்த்தினார். அப்புறநானூற்றுப் பாடல் பழிகரப்புக்கு நல்ல சான்றாகும். கொங்கு நாட்டு நக்கலும் இவ்வகையினதே. 'வாங்க, உட்காருங்க' என்று மரியாதை குறையாமலே எதிரில் இருப்பவரின் செருக்கை உரித்துக் காட்டும் பேச்சு நமக்குப் புதிதன்று.

பாரதிராஜாவிடம் பயின்ற மணிவண்ணன் 'நிழல்கள்' (1980), 'அலைகள் ஓய்வதில்லை' (1981) ஆகிய படங்களின் எழுத்துப் பணியில் பங்கேற்றார். 'கோபுரங்கள் சாய்வதில்லை' (1982) அவரை இயக்குநராக்கியது. 'நூறாவது நாள்' (1984) அச்சமூட்டும் கலையில் அவருக்கிருந்த தேர்ச்சியைக் காட்டியது. கலைஞர் கருணாநிதி உரையாடல் எழுதிய 'பாலைவன ரோஜாக்கள்' (1986) அரசியலைப் பேசியது. அச்சமும் அரசியலும் கொங்கு நக்கலும் ஒன்றுகலந்த படம் 1994இல் வெளிவந்த 'அமைதிப்படை'.

கோயிலில் தேங்காய் பொறுக்கித் திரியும் அமாவாசை, அரசியல்வாதி ஒருவரின் தயவால் வேட்பாளராகி, நாகராஜசோழன் எம்.ஏ., எம்.எல்.ஏ. ஆகிறான். கோவை மண்ணின் மைந்தர் சத்யராஜ் அப்பாத்திரத்தை ஏற்றார். வாக்கு எண்ணும் காட்சியை நினைவுகூருங்கள். முதலில் நாற்காலியின் விளிம்பில் ஒடுங்கி அமர்ந்திருக்கிறான். வாக்குகள் ஏற ஏற அவன் அமரும் முறை மாறுகிறது, உடல் நிமிர்கிறது, பேச்சிலிருந்த பணிவு கரைகிறது. ஒரு மனிதன் அதிகாரமாக மாறுவதைச் சில நிமிடங்களில் ஒரு நாற்காலியே சொல்லிவிடுகிறது.

இலண்டனில் பிறந்த சாப்ளின் 'தி கிரேட் டிக்டேட்டர்' (1940) படத்தில் இதே கருவியைக் கையாண்டார். சர்வாதிகாரிகள் இருவர் முடிதிருத்தும் நாற்காலிகளில் அமர்ந்து, ஒருவரைவிட ஒருவர் உயரமாக இருக்க இருக்கையை உயர்த்திக்கொண்டே போவார்கள். ஆனால் சாப்ளின் நகையாடியது ஏற்கெனவே அரியணையில் இருந்தவர்களை. மணிவண்ணன் காட்டியதோ, அரியணைக்கு ஒருவனை நாமே ஏற்றிவைக்கும் பொழுதை. அவனை வளர்த்துவிட்டுப் பின் அவனிடமே கைகட்டி நிற்கும் அரசியல்வாதியாகத் தாமே நடித்தார். பிறரை எள்ளும் கலைஞன் தன்னை அவ்வெள்ளலுக்கு வெளியே நிறுத்திக்கொள்ளவில்லை. இது போற்றத்தக்க பண்பு.

எனினும், ஒரு பெண்ணாகவும் இலக்கிய மாணவியாகவும் நான் எழுப்ப வேண்டிய வினா ஒன்றுண்டு. அமாவாசை அல்வா கொடுத்துத் தாயம்மாவை ஏமாற்றிச் சீரழிக்கிறான். மக்கள் நாவில் அந்த அல்வா நகைச்சுவையாக நிலைத்தது. தாயம்மா என்னும் பெயரோ மறக்கப்பட்டது. கொடியவனின் பேச்சழகு அவனால் அழிந்தவளின் துயரத்தை மறைத்துவிட்டது. படம் அவளை மறக்கவில்லை என்பது உண்மை. அவள் வயிற்றில் பிறந்த மகன் காவல்துறை அதிகாரியாக வந்து கணக்குத் தீர்க்கிறான். அவனாகவும் சத்யராஜே நடித்தார். மறந்தவர்கள் சிரித்த நாமே.

நகை பிறக்கும் இடங்களுள் எள்ளலை முதலில் வைத்தவர் தொல்காப்பியர். எள்ளல் யார்மீது விழுகிறது என்பதோடு, அதற்கு விலை கொடுத்தவர் யார் என்பதையும் கவிஞர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கவியரங்கில் அங்கதக் கவிதைக்குக் கைதட்டல் எளிதாகக் கிடைத்துவிடும். கைதட்டல் ஓய்ந்தபின் தாயம்மாவின் முகம் கேட்பவர் நெஞ்சில் எஞ்சுமானால்தான் அங்கதம் தன் கடமையைச் செய்ததாகும். எஞ்சாவிடில் நாம் அமாவாசைக்கு இன்னொரு வாக்களித்தவர்களே ஆவோம்.

அமாவாசையை மணிவண்ணன் கைவிடவில்லை. அவரது ஐம்பதாவது படமான 'நாகராஜசோழன் எம்.ஏ., எம்.எல்.ஏ.' 2013 மே மாதம் வெளிவந்தது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். அவர் படைத்த நாற்காலிக் காட்சியை நம் மொழியின் அங்கத மரபில் வைத்துக் கற்பதும் கற்பிப்பதும் நம் கடமை.