குடிநோயும் நம் சங்கத்தின் கடமையும்

(திருவந்திபுரத்தில் கூடிய நம் சங்கப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



குடியின் கேட்டினைக் குறித்துச் சில கூறுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். தமிழாசிரியன் ஒருவனை மேடையேற்றினால் வள்ளுவனார் வகுத்த கள்ளுண்ணாமை அதிகாரத்தை விரித்துரைத்து இறங்கிவிடுவான் என்று நீவிர் எண்ணியிருத்தல் கூடும். அவ்வதிகாரத்தை இங்கு அமர்ந்துள்ள சிறுவரும் அறிவர். அறிந்தும் குடி குறைந்திலது. ஆதலின் இன்று அறநூலைச் சிறிது ஒதுக்கி வைத்து, கணக்கும் மருத்துவமும் பேசக் கருதினோம். சங்கத்தின் முன்னுள்ள தீர்மானம் ஒன்றைப் பற்றியும் எம் கருத்தை மறையாது உரைப்போம்.

முதற்கண் ஒரு பிழைபட்ட பெருமையை நீக்கிக்கொள்ளல் வேண்டும். பழந்தமிழர் மதுவை அறியார் என மேடைகளில் முழங்குவோர் உளர். அஃது உண்மையன்று. கள்ளும் தேறலும் நறவும் சங்க நூல்களில் நிரம்ப உள. அதியமான் கள்ளைப் பகிர்ந்தளித்த அன்பினை ஔவையார் புறநானூற்றில் நினைந்து இரங்குகின்றார். ஆயின் மரத்தினின்று இறக்கிய கள்ளில் வெறியப்பொருள் நூற்றுக்கு ஐந்தாறு பங்கே. இன்று புட்டியில் விற்கும் பிராந்தியிலும் விஸ்கியிலும் நூற்றுக்கு 42.8 பங்கு. கரும்பாலையின் கழிவுப்பாகே இவற்றுள் பெரும்பாலனவற்றின் மூலம். நமக்கு அண்மையிலுள்ள நெல்லிக்குப்பத்துச் சர்க்கரை ஆலையை நடத்தும் ஈ.ஐ.டி. பாரி கம்பெனியின் பெயரில் ஈ.ஐ.டி. என்பது யாது? ‘ஈஸ்ட் இந்தியா டிஸ்டில்லரீஸ்’, அஃதாவது கிழக்கிந்திய வடிசாலை என்பதன் சுருக்கம். நாள்தோறும் உச்சரிக்கும் பெயரிலேயே இவ்வரலாறு ஒளிந்து கிடக்கின்றது.

இனி, அரசாங்கத்தார் செய்தவற்றைச் சுருங்கச் சொல்வோம். 1886ஆம் ஆண்டின் ஆப்காரிச் சட்டத்தால் மது அரசாங்கத்திற்கு நிலையான வருவாயாயிற்று. 1937 அக்டோபர் முதல் நாளன்று இராஜாஜியின் மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியது; இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி வந்தது. போர்க்காலத்தில் தளர்ந்த விலக்கினை 1948 அக்டோபர் 2ஆம் நாள் மாகாணம் முழுவதற்கும் விரித்தவர் நம் பழைய தென்னார்க்காட்டு ஜில்லாவில் தோன்றிய ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் அவர்கள். 1971இல் கடைகள் திறந்தன, 1974இல் மூடின, 1981இல் மீண்டும் திறந்தன. 1983இல் டாஸ்மாக் கழகம் தோன்றியது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கே வந்தது. மதுவிலக்கு முதன்முதல் தொடங்கிய அச்சேலத்தைச் சார்ந்த காந்தியவாதி சசிபெருமாள் அவர்கள், 2015 ஜூலை 31ஆம் நாள், மார்த்தாண்டத்தை அடுத்த உண்ணாமலைக்கடையில் மதுக்கடையொன்றை அகற்றக் கோரிக் கைபேசிக் கோபுரத்தின்மீது நின்று போராடி உயிர் நீத்தார். அதன்பின் 2016, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் ஐந்நூறு ஐந்நூறாகக் கடைகள் மூடப்பட்டன.

கடைகள் குறைந்தன, வருவாய் குறைந்ததோ? 2003-04இல் ஏறத்தாழ 3,600 கோடி ரூபாயாக இருந்த மது வருவாய் 2023-24இல் 45 ஆயிரம் கோடியைக் கடந்தது. விலையும் வரியும் ஏறியது இதற்கு ஒரு காரணமே. ஆயினும் அப்பணம் எவர் மடியினின்று வந்தது என்பதை எண்ணுதல் வேண்டும். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் பதினைந்து வயது நிரம்பிய ஆடவருள் நூற்றுக்கு இருபத்தைவர் குடிப்பவர். மகளிருள் முந்நூற்றுக்கு ஒருவர். எனின், நால்வரில் ஒருவன் குடிக்க, அவன் இல்லத்துப் பெண்டிரும் பிள்ளைகளும் அதன் விலையைக் கொடுக்கின்றனர். மலிவான கால் புட்டியின் விலை 2024இல் 140 ரூபாயாயிற்று. நாளொன்றுக்கு ஒன்று என்று கொண்டால் ஆண்டுக்கு 51,100 ரூபாய். கூலி வேலை செய்யும் குடும்பத்தில் இஃது ஒரு பெண்ணின் கல்லூரிப் படிப்பு. அல்லது கூரைவீடு ஓட்டுவீடாவதற்கு வேண்டிய முதல் தவணை.

கடலூரார்க்கு மற்றோர் இடரும் உண்டு. புதுச்சேரியின் எல்லை நமக்கு மிக அண்மையது. பிரெஞ்சுக்காரர் ஆண்டபோதும் அவ்வெல்லைக்கு அப்பால் மது தடையின்றிக் கிடைத்தது. இன்றும் விலை நயமாய்க் கிடைக்கின்றது. இங்கு ஒரு கடையை மூடினால் அங்குச் செல்லும் வண்டிகள் பெருகும். கடையை மூடுமாறு கேட்பது தகாது என்று யாம் கூறவில்லை. அது மட்டும் போதாது என்கிறோம்.

கள்ளச்சாராயத்தைக் குறித்துச் சில சொற்கள். 2001ஆம் ஆண்டில் நம் மாவட்டத்துப் பண்ணுருட்டிப் பகுதியில் நச்சுச் சாராயத்தால் ஐம்பதுபேர் அளவில் மாண்டனர். 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கற்பட்டுப் பகுதியிலுமாக இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சிக் கருணாபுரம் முதலிய இடங்களில் இறந்தோர் அறுபதுக்கும் மேற்பட்டோர். அவர்களுள் பெண்களும் இருந்தனர். இவை மூன்றுக்கும் காரணம் மெத்தனால் என்னும் தொழிற்சாலைச் சாராயம். இது பார்வைக்கும் மணத்திற்கும் மற்றதைப் போன்றதே. குடித்தவுடன் வெறும் மயக்கமே தோன்றும். அரைநாளோ ஒருநாளோ கழிந்த பின்னரே வயிற்றுவலியும் மூச்சிரைப்பும் கண் இருட்டலும் வரும். கல்லீரலில் அது பார்மிக் அமிலமாய் மாறிக் கண்ணின் நரம்பைக் கெடுக்கின்றது. இதற்கு மாற்று மருந்து உண்டு. குருதியைத் தூய்மை செய்யும் முறையும் உண்டு. போலீசுக்கு அஞ்சியும் ஊராருக்கு நாணியும் வீட்டிற்குள் கிடத்தி மறைக்கும் நேரமே உயிரைக் கொண்டுபோகின்றது. பார்வை மங்குகிறது என்று ஒருவன் சொன்னால், ஏன் குடித்தாய் என்று வினவாமல் உடனே வண்டியை அழையுங்கள்.

இனித் தீர்மானத்திற்கு வருவோம். குடிப்பவரைச் சங்கத்தினின்று நீக்குவது, அவர் வீட்டு நன்மை தீமைகளுக்குச் செல்லாதிருப்பது, மீறினால் அபராதம் என்பது அதன் சாரம். அதனைக் கொணர்ந்த பெரியோர்களின் உள்ளம் தூயது. அவர்தம் மனவருத்தம் எமக்கும் உண்டு. எனினும் இத்தீர்மானத்தை யாம் ஏற்கவில்லை.

குடி ஓர் அளவிற்கு அப்பால் ஒழுக்கக்கேடு என்னும் நிலையைக் கடந்து நோயாகின்றது என்பது இன்று மருத்துவ உலகம் ஒப்பிய கருத்து. நெடுநாள் குடித்தவனுடைய மூளை மதுவின் பாரத்தைச் சுமந்து நிற்கப் பழகியிருக்கின்றது. அப்பாரத்தை ஒரே நாளில் இறக்கினால் மூளை கட்டுமீறிப் பாய்கின்றது. முதல் நாளில் கைந்நடுக்கமும் வியர்வையும். ஓரிரு நாளில் வலிப்பு வருதலும் உண்டு. இரண்டிலிருந்து நான்கு நாட்களுக்குள் சிலர்க்கு அறிவு மயங்கி, இல்லாத பாம்பும் பூச்சியும் சுவரில் ஊர்வதாகத் தோன்றும். இதனைப் பேய் பிடித்தது என்றும், கோயிலில் கட்டிய கயிற்றை மீறியதால் வந்த தெய்வ குற்றம் என்றும் நம் வீடுகளில் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். அது தெய்வக் குற்றமன்று; உரிய மருந்தின்றி விட்டால் உயிரையே போக்கும் நிலை. நேர்ந்துகொள்வோர் நேர்ந்துகொள்க, கயிறு கட்டுவோர் கட்டுக. ஆனால் நாள்தோறும் குடித்துப் பழகியவன் மருத்துவரைக் கண்ட பின்னரே கயிறு கட்டுதல் வேண்டும். இவ்வூர் மலைக்கு ஔஷதகிரி என்று பெயர் வைத்த முன்னோர் மருந்தைப் பழித்தவர் அல்லர்.

இத்தகைய நோயாளியை நாம் சங்கத்தினின்று நீக்கினால் யாது நிகழும்? அவன் குடியை விடான்; மறைப்பான். அவன் மனைவியும் மறைப்பாள். மகளுக்கு வரன் கேட்டு வருவோர் அறிந்துவிடுவர் என்று நடுங்கி மருத்துவமனை வாயிலை மிதிக்க மாட்டாள். அபராதத் தொகையோ அவள் காதணியினின்றே வரும். தண்டனை யார்மீது விழுகின்றது என்பதைப் பெரியோர்கள் சிந்திக்க வேண்டுகிறோம்.

நீக்குவதற்கு வேறொன்று உண்டு. முகூர்த்த நாட்களில் இவ்வூரில் எத்தனை திருமணங்கள் நிகழ்கின்றன என்பதை நீவிர் அறிவீர். தேவநாதப் பெருமாள் சந்நிதியைச் சுற்றி மணமக்கள் வரிசையாய் நிற்பதைக் காண்கிறோம். விடியலில் தாலி, அதற்கு முன்னிரவில் மாப்பிள்ளைத் தோழர்க்கென்று புட்டிகள். மொய்க்கணக்கு எழுதும் குறிப்பேட்டில் இச்செலவு ஏறுவதில்லை. வட்டிக்கு வாங்கிய கடனில் மட்டும் ஏறுகின்றது. சாவு வீட்டிலும் இவ்வாறே. பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள் பலர் முதன்முதல் வாய்வைப்பது இத்தகைய இரவுகளிலேதான். வகுப்பறையில் கூல் லிப் எனும் புகையிலைப் பொட்டலத்தை உதட்டில் அடக்கிக்கொண்டு அமரும் மாணவனைக் கண்டிக்கிறோம், கஞ்சாவைக் கண்டு அஞ்சுகிறோம், அஞ்சத்தான் வேண்டும். ஆனால் வீட்டு விசேடத்தில் பெரியவர்களே ஊற்றிக் கொடுத்ததை என்னென்பது? விலக்குத் தீர்மானம் வேண்டுமாயின், நம்மவர் மண்டபத்தில் விருந்தோடு மது வழங்கும் வழக்கத்தை விலக்குமாறு எழுதுவோம்.

நோயாளிகளுக்குச் செய்யத்தக்கது யாதெனில், அதற்கு முன்மாதிரி உண்டு. சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் அம்மையார் நிறுவிய டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி நிலையத்தார், திருவாரூர்ப் பகுதியிலுள்ள மஞ்சக்குடி முதலிய சிற்றூர்களில் பதினைந்து நாள் மருத்துவ முகாம்கள் நடத்தினர். ஊரார் இடமும் உணவும் தந்தனர். மருத்துவர்கள் மருந்தும் அறிவுரையும் தந்தனர். குடும்பத்தாரும் உடன் அழைக்கப்பட்டனர். ஊரறிய ஒருவன் தெளிந்து வந்தால், அவனைப் பார்த்து அடுத்தவன் வருவான். நமக்குச் சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கின்றது. புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கின்றது. இரவில் ஒருவன் மனம் தடுமாறினால் 14416 என்னும் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். முகாமிற்கு வருமாறு மருத்துவர்களைச் சென்று கேட்பது செயற்குழுவின் வேலை. அவர்கள் வாராவிடின் நோயாளிகளை வண்டி வைத்து அவர்களிடம் கொண்டு செல்வதும் அதன் வேலையே.

“ஊரறிய முகாமில் படுத்தால் குடும்ப மானம் போகாதோ?” என்று தாய்மார் சிலர் எம்மிடம் தனித்து வினவினர். 1935இல் அமெரிக்காவில் தொடங்கிப் பல நாடுகளில் பரவிய குடிநோயாளர் கூட்டமொன்று உண்டு. ‘ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ்’ என்பது அதன் பெயர். அங்கு வருவோர் முழுப்பெயரை எவரும் கேளார். நம் முகாமிலும் பெயர்ப்பட்டியல் மருத்துவரிடம் மட்டும் இருக்கட்டும். சங்கத்துக் குறிப்பேட்டில் எத்தனை பேர் என்ற எண் மட்டும் இருக்கட்டும். இம்மாத இதழில் வெளியிடும் நன்கொடையாளர் பட்டியலைப் போல அதனையும் அச்சிட்டுவிடாதீர் என்று ஆசிரியரை இப்போதே கேட்டுக்கொள்கிறோம்.

மார்கழியில் முகூர்த்தம் இல்லை. நம் மண்டபம் முப்பது நாளும் பூட்டிக் கிடக்கும். அம்மாதத்தில் பதினைந்து நாள் மண்டபத்தை வாடகையின்றித் தரவும், சமையற்கூடத்தைத் திறந்து வைக்கவும் சங்கம் ஒப்ப வேண்டும். அரிசிக்கும் பருப்புக்கும் ஆகும் செலவில் எம் பங்கை இன்றே பொருளாளரிடம் செலுத்துகிறோம். மருத்துவர்கள் தங்கும் இரண்டு அறைகளுக்கும், இரவுக் காவலுக்கு நால்வர்க்கும் ஏற்பாடு வேண்டும். இளைஞர்களுள் எவரெவர் முன்வருவர் என்பதை அவைத்தலைவர் இப்பொழுதே கேட்டு எழுதிக்கொள்வாராக.