இரும்பில்லா நாட்டின் இரும்புத் தொழில்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், ஒரு சின்னஞ்சிறு தேசம் யந்திரத் தொழிலிலும் உலோக வேலையிலும் உலகத்தோடு போட்டி போட்டு எப்படி நிற்கிறது என்பதாகும். இது முதலாளிமாரும் என்ஜினீயர்களும் கேட்கவேண்டிய சங்கதி, நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். அப்படியல்ல. பிள்ளையைப் பட்டறைக்கு அனுப்புவதா, படிப்புக்கு அனுப்புவதா என்று யோசிக்கிற ஒவ்வொரு தாய் தகப்பனுக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

நாம் சொல்லும் தேசம் சுவிட்ஜர்லாந்து. அந்தப் பெயர் நமக்கு எட்டாததன்று. மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி மலைமேல் ஏறும் ரயிலை உங்களில் அநேகர் பார்த்திருப்பீர்கள். தண்டவாளங்களுக்கு நடுவேயுள்ள பல் வைத்த இரும்புப் பட்டையைக் கவ்விக்கொண்டு, 12 அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றத்தில் அது ஏறுகிறது. அந்தப் பல் தண்டவாள முறையை வகுத்தவர் ரோமன் ஆப்ட் என்னும் சுவிஸ் என்ஜினீயர். 1914 முதல் அம்மலைக்கு வந்த எக்ஸ் வகை நீராவி என்ஜின்கள் சுவிட்ஜர்லாந்தின் வின்டர்தூர் நகரில் செய்யப்பட்டவை. பெரம்பூரில் 1955-ல் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலைக்கு மாதிரியும் முறையும் கொடுத்தது ஷ்லீரன் ஊர்க் கம்பெனி. 1962-ல் கோயமுத்தூரில் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் நூற்பு யந்திரம் செய்யத் தொடங்கியபோது வித்தை தந்தது வின்டர்தூர் ரீட்டர் கம்பெனி.

இத்தனைக்கும் அந்தத் தேசத்தின் அளவு என்ன? தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஜனத்தொகை சுமார் 90 லட்சம். கடற்கரை கிடையாது. சொல்லத்தக்க நிலக்கரி கிடையாது. இரும்புத் தாதுவோ மிகச் சொற்பம். கூலியாவது மலிவா என்றால், உலகத்திலேயே அதிகக் கூலி கொடுக்கும் நாடுகளில் அதுவும் ஒன்று. அப்படியிருந்தும் யந்திரம், மின்சாரக் கருவி, உலோக வேலை ஆகிய தொழில்களில் மாத்திரம் 3 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வேலை செய்கிறார்கள். அவர்கள் செய்யும் சரக்கில் 100-க்கு 80 பங்கு வெளிநாடுகளுக்கு விற்பனையாகிறது.

இதற்குக் காரணம் என்ன? அந்த ஜனங்களுக்குப் பிறவியிலேயே கைத்திறமை என்று சொல்லுவோர் உண்டு. பிறவித் திறமையானால் முன் நூற்றாண்டுகளில் அது எங்கே ஒளிந்திருந்தது? அந்த மலை நாட்டார் பிழைக்க வழியில்லாமல், தங்கள் வாலிபர்களை அந்நிய ராஜாக்களின் பட்டாளங்களுக்குக் கூலிச் சிப்பாய்களாக அனுப்பி வயிறு வளர்த்தவர்கள் அல்லவா? ஆகவே ரத்தத்தையும் தலையெழுத்தையும் தள்ளி வைத்துவிட்டு, நடந்ததைப் பார்ப்போம்.

முதலில் அவர்கள் செய்தது கண்ணைத் திறந்து பார்த்ததுதான். அக்காலத்தில் யந்திர வித்தை இங்கிலாந்தின் கையில் இருந்தது. யந்திரங்களை வெளிநாட்டுக்கு விற்கக்கூடாதென்று இங்கிலாந்து சட்டம் போட்டிருந்தது. 1806-ல் நெப்போலியன் ஆங்கிலச் சரக்குகளுக்கு ஐரோப்பாவின் கதவை அடைத்தான். 1805-ல் சூரிச்சில் நூற்பு ஆலை தொடங்கிய ஹான்ஸ் காஸ்பர் எஷர் என்பவர் ஆலைக்கு வேண்டிய யந்திரங்களைத் தம் பட்டறையிலேயே செய்யலானார். பிறகு பிறருக்கும் செய்து விற்றார். நூலுக்காக வந்த பட்டறை நூலைவிடப் பெரிதாகிவிட்டது. எஷர் வீஸ் என்ற பெரிய யந்திரக் கம்பெனி வளர்ந்தது இப்படித்தான். ஷாஃப்ஹவுஸனில் யோஹான் கான்ராட் ஃபிஷர் என்ற செம்புக் கொல்லர் இங்கிலாந்துக்குப் பலமுறை பயணம் போய், ஆலைகளைப் பார்த்துப் பார்த்துக் குறிப்பெழுதி வந்து, உருக்கு வார்க்கும் வித்தையைத் தம் ஊரில் நிலைநாட்டினார். 1834-ல் வின்டர்தூரில் சுல்ஸர் சகோதரர்கள் வார்ப்படச் சாலை தொடங்கினார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 1888 வரையில் அந்த நாட்டில் சரியான பேட்டண்டுச் சட்டமே கிடையாது. பிறர் கண்டுபிடித்ததைப் பார்த்துச் செய்தார்கள் என்பது உண்மை. ஆனால் பார்த்துச் செய்ததோடு நின்றிருந்தால் இன்று அவர்களை யாரும் பேசமாட்டார்கள். நிலக்கரி இல்லையென்று அழாமல், மலையிலிருந்து விழும் தண்ணீரை வேலை வாங்கினார்கள். அதற்கு டர்பைன் செய்தார்கள். டர்பைனிலிருந்து மின்சாரத்துக்குப் போனார்கள். 1891-ல் ஜெர்மனியில் லாஃபன் ஊரிலிருந்து பிராங்பர்ட்டுக்கு 175 கிலோமீட்டர் தூரம் மின்சாரத்தைக் கம்பியில் கொண்டுபோய்க் காட்டியதில் சூரிச்சை அடுத்த ஓர்லிகான் தொழிற்சாலைக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த வேலையை நடத்திய சார்லஸ் பிரவுன், அதே வருஷத்தில் வால்டர் போவரியுடன் சேர்ந்து பாடன் ஊரில் பிரவுன் போவரி கம்பெனியை ஏற்படுத்தினார். இல்லாததே அவர்களுக்கு வாத்தியாராயிற்று.

நிற்க, இரண்டாவது காரணம் எல்லாவற்றிலும் முக்கியமானது. அது கையையும் தலையையும் பிரிக்காமல் வைத்ததாகும். பழைய காலத்தில் சூரிச் போன்ற பட்டணங்களில் தொழில்களெல்லாம் சங்கங்களின் பிடியில் இருந்தன. பட்டணத்துக் குடியுரிமைக் குடும்பத்தில் பிறந்தவனுக்கே முதல் இடம், நாட்டுப்புறத்தானுக்குப் பல தொழில்களின் கதவு அடைப்பு. 19-ம் நூற்றாண்டில் இந்தக் கட்டு உடைந்தது. 1874-ம் வருஷத்து அரசியல் சட்டம் தேசம் முழுவதற்கும் தொழில் சுதந்திரம் கொடுத்தது. இன்னாருக்கு இன்ன தொழில் என்ற ஏற்பாடு அங்கே போனபின்தான் தொழில் ஓங்கிற்று. இதற்குமேல் இந்த மேடையில் விளக்கம் வேண்டுமா?

1855-ல் சூரிச்சில் பெரிய தொழில் நுட்பக் கல்லூரி ஏற்பட்டது. 1930-ல் தொழில் பயிற்சிக்கென்று தேச முழுமைக்கும் ஒரு சட்டம் செய்தார்கள். இன்று அந்நாட்டு வாலிபர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கட்டாயப் படிப்பு முடிந்ததும் தொழில் பயிற்சிக்குப் போகிறார்கள். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் பள்ளிக்கூடம், மற்ற நாட்களில் ஆலை வேலை. யந்திரத் தொழிலில் இது நான்கு வருஷம். பையன் அரம் பிடிப்பான், லேத்தில் கடைசல் பிடிப்பான், கணக்கும் வரைபடமும் படிப்பான், மாதாமாதம் சம்பளமும் வாங்குவான். பரீட்சை தேறினால் தேசமெங்கும் செல்லும் பத்திரம் கிடைக்கும். இதோடு அவன் படிப்பு முடிந்துபோவதுமில்லை. 1990-களில் ஏற்படுத்திய வழியின்படி, பயிற்சி பெற்ற தொழிலாளி மேற்பரீட்சை எழுதி உயர்தொழிற் கல்லூரிக்குப் போய் என்ஜினீயராகவும் ஆகலாம். அரம் பிடித்த கை வரைபடமும் போடும். வரைபடம் போடுகிறவனுக்கு இரும்பின் குணம் கையிலே தெரியும். மயிரிழை பிசகாத வேலைக்குக் கூடுதல் விலை கொடுக்க உலகம் தயாராக இருப்பதால்தான் அவர்களால் உயர்ந்த கூலி கொடுக்க முடிகிறது.

மூன்றாவது, தொழிலாளியின் நிலைமை. முதலாளி தானாக மனமிரங்கிக் கொடுத்தது ஒன்றும் அங்கில்லை. 1918 நவம்பரில் சுமார் 2½ லட்சம் தொழிலாளிகள் தேச முழுமைக்கும் பொது வேலைநிறுத்தம் செய்தார்கள். சர்க்கார் பட்டாளத்தைக் கொண்டுவந்தது. 1937 ஜூலை 19-ல் யந்திர, உலோகத் தொழிலின் முதலாளிகளும் தொழிற்சங்கமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். வேலைநிறுத்தமும் கதவடைப்பும் இல்லாமல், தகராறுகளைப் பேசியும் மத்தியஸ்தத்தாலும் தீர்ப்பதென்று ஏற்பாடு. இதனால் தொழிலாளியின் ஆயுதம் மழுங்கிற்று என்று குறை சொன்னவர்களும் உண்டு. ஆனால் சங்கத்தைச் சரிசமமாக உட்காரவைத்துப் பேசவேண்டியவர்களானார்கள் முதலாளிகள் என்பதை நாம் கவனிக்கவேண்டும்.

அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நாம் சொல்ல வரவில்லை. தேசத் தேர்தலில் பெண்களுக்கு ஓட்டு கிடைத்தது 1971-ல்தான். இத்தாலி முதலிய நாடுகளிலிருந்து பருவ வேலைக்கு வந்தவர்கள் பெண்டு பிள்ளைகளைக் கூட்டிவரக்கூடாதென்ற விதி 2002 வரையில் இருந்தது. நாகரிகம் பேசும் ஒரு தேசத்திற்கு இது வெட்கக்கேடு.

திறமையிலும் ஓர் ஆபத்து உண்டு. கைக்கடிகாரத் தொழிலில் எங்களுக்கு மிஞ்சியவர் யார் என்றிருந்தார்கள். குவார்ட்ஸ் கடிகாரத்தின் மாதிரியை 1967-லேயே தங்கள் நாட்டில் செய்து பார்த்தும், பழைய வழியைவிட மனம் வரவில்லை. 1969-ல் ஜப்பான் அதைக் கடைக்குக் கொண்டுவந்தது. சுமார் 90,000 பேர் இருந்த தொழிலில் 1980-களின் நடுவில் 30,000 பேர் சில்லறையே மிஞ்சினார்கள். பாட்டன் செய்தபடி செய்வோம் என்கிற பக்தி கடிகாரத்தையும் நிறுத்திவிடும். 1983-ல் 51 உறுப்புகளே கொண்ட ஸ்வாட்ச் என்னும் மலிவுக் கடிகாரத்தைச் செய்த பிறகே அத்தொழில் தலையெடுத்தது.

இன்றும் போட்டி ஓயவில்லை. 2015 ஜனவரி 15-ல் அவர்கள் நாணயமான பிராங்கின் மதிப்பு ஒரே நாளில் துள்ளி ஏறிற்று. வெளிநாட்டானுக்கு அவர்கள் சரக்கு அன்றே விலை கூடிப்போயிற்று. பல ஆலைகளில் வேலை நேரத்தைக் கூட்டினார்கள், சம்பளத்தைக் கூட்டவில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா அவர்கள் சரக்குக்கு 100-க்கு 39 வரி போட்டது. நவம்பரில் 15 ஆகக் குறைக்க ஒப்புக்கொண்டது. சிறிய நாடு பெரிய நாட்டின் வரியைத் தடுக்க முடியாது. மற்றவனால் எளிதில் செய்ய முடியாததைச் செய்வதொன்றே அதற்குக் கேடயம். கம்பெனிகள்கூட நிலையல்ல. எஷர் வீஸ் 1969-ல் சுல்ஸருக்குள் போயிற்று. பிரவுன் போவரி 1988-ல் சுவீடன் கம்பெனியோடு கலந்தது. வின்டர்தூர் என்ஜின் கம்பெனியும் மறைந்தது. பெயர்ப் பலகைகள் போயின, பழகிய கைகள் போகவில்லை.

தோழர்களே! நாம் சொல்ல வந்தது இவ்வளவுதான். போட்டியில் நிற்கும் பலம் மண்ணில் இல்லை, மனிதனைப் பழக்குகிற முறையில் இருக்கிறது. இது நம்மாலும் ஆகும் என்பதற்கு அத்தாட்சி வேண்டுமானால், அந்த நீலகிரி ரயிலுக்கே 2010-க்குப் பிறகு திருச்சி பொன்மலைப் பட்டறையில் நம்மவர் கையால் புதிய நீராவி என்ஜின்கள் கட்டப்பட்டதைப் பாருங்கள். ஆகவே உங்கள் பிள்ளை லேத் பட்டறைக்குப் போகிறேன் என்றால், படிப்பு ஏறாதவன் என்று தலையில் அடித்துக்கொள்ளாதீர்கள். பட்டறைக்காரரிடம் போய், என் பிள்ளைக்குக் கணக்கும் வரைபடமும் சொல்லிக்கொடுப்பாயா, சம்பளம் என்ன, பரீட்சை என்ன, மேலே படிக்க வழி என்ன என்று கேளுங்கள். பெண்ணுக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள். ஊருக்குப் பத்துப் பேர் இப்படிக் கேட்க ஆரம்பித்தால், பதில் சொல்லவேண்டிய கடமை பட்டறைக்கும் வரும், சர்க்காருக்கும் வரும்.