"வயசு போனா அப்படித்தான்" என்று விட்டுவிடலாமா?
(தோட்டத்துப் பெரியோர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



லயத்திலே ஒரு பாட்டிக்குக் கண் மங்கினால் "வயசு போனா அப்படித்தான்" என்கிறார்கள். வயது காரணந்தான். ஆனால் அதோடு பேச்சு முடிந்துவிடக் கூடாது என்று சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

கண்மணிக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி ஒரு வில்லை இருக்கிறது. தண்ணீராலும் புரதத்தாலும் ஆனது. இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி, ஒட்சிசனும் வெயிலும் அந்தப் புரதத்தைக் கொஞ்சங் கொஞ்சமாகப் பழுதாக்கும். அதைத் தடுக்க வில்லைக்குள்ளேயே கற்றலேஸ், குளுற்றாதயோன் பெரொட்சிடேஸ் போன்ற நொதியங்கள் காவல் நிற்கின்றன.

வில்லையின் நடுப்பகுதியோ நாம் தாய் வயிற்றில் இருந்தபோதே உண்டானது. அங்குள்ள கலங்களால் புது நொதியம் செய்ய முடியாது. பழைய காவல்காரன் களைத்துப் போனால் மாற்றாள் இல்லை. வயது ஏற ஏறப் புரதம் கட்டிபட்டு வெள்ளை படரும். அதுதான் கற்றரக்ட். மனிதருக்கு மட்டுமல்ல, வயதான ரீசஸ் குரங்குகளுக்கும் இது வருகிறது. ஆகவே இது செய்வினையுமில்லை, கண்ணேறுமில்லை.

விற்றமின் குளிசை போட்டால் தடுக்கலாமா? அமெரிக்காவில் 4,000 பேருக்கு மேல் பல வருடம் பார்த்து, 2001இல் முடிவு சொன்னார்கள். கூடிய அளவு விற்றமின் சி, ஈ கொடுத்தும் கற்றரக்ட் குறையவில்லை. கீரையும் பழமும் உடம்புக்கு நல்லது, சாப்பிடுங்கள். ஆனால் குளிசைக்குக் காசைக் கொட்டாதீர்கள்.

நம்மால் முடிந்தது என்ன? பீடி, சிகரெட்டை விட வேண்டும். சீனி வியாதியைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். வெயிலில் மலைக்குப் போகும்போது தொப்பியோ, முகத்துக்கு நிழல் தரும்படி துணியோ போட வேண்டும்.

வெள்ளை படர்ந்துவிட்டால் கண் மருந்துத் துளியால் அது கரையாது. இலைச்சாறு, தாய்ப்பால் ஊற்றுவது ஆபத்து. புண்ணாகி உள்ள பார்வையும் போகலாம். சத்திரசிகிச்சை ஒன்றே வழி. மங்கின வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லை வைப்பார்கள். இது 1949இல் லண்டனில் டொக்டர் ஹரோல்ட் ரிட்லி தொடங்கிய முறை. இன்று உலகமெங்கும் நடக்கிறது.

பிள்ளைகளே, இன்றைக்கே உங்கள் தாத்தா பாட்டியை ஒரு கண்ணைப் பொத்தி மற்றக் கண்ணால் வாசலைப் பார்க்கச் சொல்லுங்கள். புகை மாதிரி தெரிந்தால் தோட்ட டிஸ்பென்சரியில் துண்டு வாங்கி, ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். படியில் விழுந்து இடுப்பு ஒடிந்த பிறகு வருந்திப் பயனில்லை.